தூக்குக் கேஸ் வந்தால் முதல் நாளே இரண்டு ஃபைல்

மலேசியாவில், பினாங்கில் நான் முதன்முதலாக 39பி (போதைப்பொருள் கடத்தல்) கேஸ் நடத்தியது 2006-ல். குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் நீதிபதி என் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். எழுந்து நின்றேன். சொல்ல ஒன்றும் இல்லை. சட்டத்தில் இருந்தது ஒரே தண்டனை.

2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு இல்லை. கொலைக்கு 30 முதல் 40 ஆண்டு, போதைப்பொருள் கடத்தலுக்கு ஆயுள் தண்டனை, இரண்டிலும் குறைந்தது 12 பிரம்படி என்று நீதிபதிக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. (பெண்களுக்கும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது.) ஆனால் நம் வக்கீல்களுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. "முதல் குற்றம், வயதான தாய், சின்னப் பிள்ளைகள், யாங் ஆரிப் (கனம் நீதிபதி அவர்களே)" என்று மூன்று வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் என் ஆபீசில் முதல் நாளே இரண்டு ஃபைல் திறப்போம். ஒன்று வழக்குக்கு, மற்றது ஆளுக்கு, தண்டனை பற்றிப் பேசும்போது சொல்ல.

ஆள் ஃபைல் என்றதும் குடும்பம் பயப்படும். நிபோங் திபாலிலிருந்து வந்த ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "அப்ப என் மகன் தப்பு செஞ்சான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா, லாயரம்மா?" இல்லம்மா, தோற்றுப்போனால் அன்றைக்கே பேசச் சொல்வார்கள், அப்போது உங்கள் வீட்டு அலமாரியைத் தேட முடியாது என்றேன். அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். பிறப்புப் பத்திரம், தோட்டத்துப் பள்ளி ரிப்போர்ட் கார்டு. அடியில் ஒரு மருத்துவமனை அட்டை: பையனுக்குப் பதினொரு வயதில் மோட்டார் விபத்து, தலையில் அடி. அதற்குமுன் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அப்படி ஓர் அட்டை கிடைத்தால் உடனே மனநல மருத்துவர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். தேவைப்பட்டால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப்போடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி வழக்கு ஃபைல். 39பி-யில் ஜாமீன் கிடையாது, ஆகவே ஆள் உள்ளேதான் இருப்பார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி அரசுத் தரப்பு தரவேண்டிய ஆவணங்களை விசாரணைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். வந்ததும் ஏ3 தாளில் ஒரு கட்டம் போடுவேன்: நேரம், யார் கையில், என்ன குறியீடு, என்ன எடை, எங்கே பூட்டி வைத்தார்கள், சாவி யாரிடம். ரெய்டு செய்த அதிகாரி, ஐஓ (விசாரணை அதிகாரி), கெமிஸ்ட் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு வரி. காலியாக நிற்கும் கட்டம்தான் உங்கள் குறுக்கு விசாரணை.

எடையில் கண் வையுங்கள். ஹெராயின் 15 கிராம், சியாபு (மெத்தம்பெட்டமின்) 50, கஞ்சா 200. அதற்கு மேல் போனால் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும். ஒரு கேஸில் போலீஸ் ரிப்போர்ட்டில் கஞ்சா 238 கிராம், கெமிஸ்ட் ரிப்போர்ட்டில் 204. ஒரு மனிதனின் உயிர் நான்கு கிராமில் தொங்கியது. உறையோடு நிறுத்தார்களா, பிரித்தா? எந்தத் தராசு? இதை மட்டுமே கேட்டு ஒரு முழு நாள் போனது.

ஊகத்தின் மேல் ஊகம் வைக்கும் 37ஏ பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரல் 5-ல் அல்மா நூடோ வழக்கில் செல்லாது என்றுவிட்டது. கைவசம் இருந்தது, தெரிந்தே வைத்திருந்தார் என்பதை ஓர் ஊகத்தால் நிறுவிவிட்டு, அதன் மேலேயே கடத்தல் ஊகத்தையும் ஏற்ற முடியாது. டிபிபி (அரசுத் தரப்பு வக்கீல்) எந்த ஊகத்தின்மேல் நிற்கிறார் என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள்.

பிடிபட்ட இடத்துக்கு நீங்களே போங்கள், ரெய்டு நடந்த அதே நேரத்தில். ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடிக்கு இரவு ஒன்பதுக்குப் போனேன். பொட்டலம் இருந்ததாகச் சொன்ன செருப்பு ஸ்டாண்ட் கிரில்லுக்கு வெளியே, பொது நடைபாதையில். நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் அதைக் கடந்து போனார்கள். போலீஸ் போட்டோவில் கிரில் தெரியவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் எனக்கு ஒரு சூடு உண்டு. என் கட்சிக்காரர் சாட்சிக் கூண்டில், "அண்ணன் சாமான் கொடுத்தாரு, காரில வச்சேன்" என்றார். அவர் சொன்னது மளிகைச் சாமான். மலாயில் அது 'பாரங்' என்று போனது. தெருவில் பாரங் என்றால் போதைப்பொருள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்து மறுப்புச் சொல்வதற்குள் நீதிபதி எழுதி முடித்திருந்தார். இப்போதெல்லாம் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: என்ன பொருளோ அதன் பெயரைச் சொல்லுங்கள். அரிசி என்றால் அரிசி.

தூக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தால் ஓடிவந்து கைகுலுக்காதீர்கள். தண்டனைக் காலத்தைக் கைதான நாளிலிருந்து கணக்கிடும்படி அப்போதே கேளுங்கள்.

மேல்முறையீட்டு நோட்டீசுக்கு 14 நாள்தான். நான் அதைத் தீர்ப்புக்கு முந்தின இரவே டைப் செய்து, லெபோ லைட்டில் இருக்கும் உயர்நீதிமன்றத்துக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்வேன், அந்த அம்மாவின் கண்ணில் படாதபடி, குடைக்கு அடியில்.