எந்த நோய்க்கு எதிர்ப்பு? வீட்டு ஆப்பிள் ரகத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிள் கன்றில் கட்டியிருக்கும் சீட்டில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று போட்டிருந்தால் பலருக்கு அதுவே போதும். பணத்தைக் கொடுத்துக் கன்றை வாங்கி வந்துவிடுவார்கள். எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று கேட்பவர்கள் குறைவு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் 'எதிர்ப்பு ரகம் வைத்தும் இலையெல்லாம் புள்ளி' என்ற புலம்பல் மூன்றாம் வருடம் வருகிறது.

பெரும்பாலும் அந்தச் சீட்டு சொல்வது ஸ்கேப் எனப்படும் சொறி நோயை மட்டும்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. மழையும் குளிர்ச்சியும் உள்ள பகுதிகளில் ஆப்பிளுக்கு முதல் எதிரி இந்தப் பூஞ்சைதான். கீழே விழுந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, துளிர் விடும் பருவத்து மழையில் நோயைப் பரப்பும் நுண்ணிய வித்துகளைக் காற்றில் விடும். மிதமான வெப்பத்தில் இலை ஆறு முதல் ஒன்பது மணி நேரம் நனைந்தபடி இருந்தாலே தொற்றிவிடும். முதலில் இலையில் ஆலிவ் நிறப் புள்ளிகள், அப்புறம் காயில் கறுப்புச் சொறி, கடைசியில் காய் வெடிப்பு. இதைத் தடுக்கப் பழத்தோட்டக்காரர்கள் ஒரே பருவத்தில் பலமுறை மருந்து தெளிப்பார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் எதிர்ப்பு ரகங்கள் தேடப்பட்டன.

அந்தத் தேடல் சுவாரசியமானது. மாலஸ் புளோரிபண்டா என்பது பூவழகுக்காக வளர்க்கும் ஆசியக் காட்டு ஆப்பிள். காய் கோலிக்குண்டு அளவுதான். அதை 1914-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோம் பியூட்டி என்ற ரகத்தோடு கலப்பு செய்தார்கள். அந்தச் சந்ததியில் சொறி நோயை எதிர்க்கும் மரபணு இருப்பது பல வருடங்களுக்குப் பிறகே தெரியவந்தது. பர்டூ, ரட்கர்ஸ், இல்லினாய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, அந்தச் சந்ததியைத் திரும்பத் திரும்ப நல்ல ரகங்களோடு கலந்து, 1970-இல்தான் பிரிமா என்ற முதல் ரகத்தை வெளியிட்டன. பிரிசில்லா, பிரிஸ்டைன், எண்டர்பிரைஸ், வில்லியம்ஸ் பிரைட் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆங்கில எழுத்துக்கூட்டில் பார்த்தால் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் பி-ஆர்-ஐ என்ற மூன்று எழுத்துகள் ஒளிந்திருக்கும். மூன்று பல்கலைக்கழகங்களின் முதலெழுத்து. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1978-இல் தந்த லிபர்ட்டியும் இதே காட்டு மரபணுவின் வாரிசுதான்.

ஆக, இந்த ரகங்கள் சொறி நோயைக் குறிவைத்து உருவானவை. மற்ற நோய்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கோல்ட்ரஷ் நல்ல உதாரணம்: சொறி நோய் அண்டாது, ஆனால் துரு நோய் சுலபமாகத் தாக்கும். துருப் பூஞ்சை வாழ்க்கையில் பாதியை ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்திலும் மீதியை ஆப்பிளிலும் கழிப்பது. சுற்றுவட்டாரத்தில் ஜூனிபர் நிறைய இருக்கும் கிழக்கு வட அமெரிக்கா போன்ற இடங்களில் கோல்ட்ரஷ் இலைகள் ஆரஞ்சுப் புள்ளியாக நிற்கும். ஜூனிபரே இல்லாத ஊரில் அதே ரகத்துக்கு அந்தக் கவலை கிடையாது. நம் வீட்டு ஜூனிபரை மட்டும் வெட்டினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வித்துகள் காற்றில் வெகுதூரம் வரும். துரு உள்ள பகுதிக்கு லிபர்ட்டியோ எண்டர்பிரைஸோ பொருத்தம்.

இன்னொரு பக்கம், வறண்ட பகுதியில் இருப்பவர் சொறி நோய் எதிர்ப்பைத் தேடி அலைவது வீண் வேலை. இலை நனையாத இடத்தில் சொறி நோய் பெரிதாக வராது. அங்கே தொல்லை கொடுப்பது சாம்பல் நோய். அதன் பூஞ்சை மொட்டுக்குள்ளேயே தங்கியிருந்து, துளிரோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக வெளியே வரும். இலையில் தண்ணீர் நிற்பது அதற்குத் தேவையில்லை. அதனால் ரகப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்து ஆப்பிள் மரங்களில் என்ன நோய் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பட்டியலை விட அது உருப்படியான தகவல்.

ஒரே மரபணு, ஐந்து பெயர்

எதிர்ப்பு என்பது நிரந்தரம் என்று நம்புவது அடுத்த தவறு. மேலே சொன்ன ரகங்களில் பெரும்பாலானவை நம்பியிருப்பது அந்த ஒற்றைக் காட்டு மரபணுவைத்தான். ஐரோப்பாவில் 1980-களின் பிற்பகுதியிலேயே அதை மீறி வளரும் சொறிப் பூஞ்சை வகை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஐந்து வெவ்வேறு பெயரில் ஐந்து கன்று வைத்துவிட்டு, பன்முகமாக நட்டிருக்கிறோம் என்று நினைப்பவர், ஐந்து கதவுக்கும் ஒரே பூட்டைத்தான் போட்டிருக்கிறார். ஹனிகிரிஸ்ப் மாதிரி, இந்த மரபணு இல்லாமலே சொறி நோயை ஓரளவு தாங்கும் ரகம் ஒன்றையாவது கலந்து வைப்பது நல்லது.

எதிர்ப்பு ரகம் என்பதால் உதிர்ந்த இலையை அள்ள வேண்டாம் என்பதும் தப்பு. இலைகளை அப்புறப்படுத்துவது, அல்லது புல்வெட்டும் இயந்திரத்தால் பொடியாக்கி மண்ணில் மக்கவிடுவது, எதிர்ப்பு ரகத்துக்கும் ஆயுளைக் கூட்டும். அடுத்த வருட வித்துகள் குறைந்தால் மீறி வளரும் வகை உருவாகும் வாய்ப்பும் குறையும்.

மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதி

வேர்ச்செடியை, அதாவது மேல் ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடியை, விசாரிக்காமல் வாங்குவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. சொறி நோய் காயை அசிங்கப்படுத்தும், மரத்தைப் பலவீனமாக்கும், சட்டென்று கொல்லாது. ஃபயர் பிளைட் எனப்படும் கருகல் நோய் மரத்தையே கொல்லும். இது பாக்டீரியா. பூக்கும் சமயத்தில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், தேனீக்கள் வழியாகப் பூவுக்குப் பூ பரவி, அங்கிருந்து கிளைக்குள் இறங்கும். கிளை நுனி கருகி, மாட்டுக்கொம்பு போல வளைந்து தொங்கும். காலா, ஃபியூஜி, ஜோனதன், ஐடாரெட் போன்றவை இதற்கு எளிதில் பலியாகும். எண்டர்பிரைஸ் நன்றாகவே தாங்கும்.

ஆனால் ஒட்டுக் கன்று என்பது இரண்டு செடி. சீட்டில் இருப்பது மேலே உள்ள ரகத்தின் பெயர் மட்டும். குட்டை மரத்துக்காக உலகமெங்கும் பயன்படும் எம்.9, எம்.26 ஆகிய வேர்ச்செடிகள் கருகல் நோய்க்கு மிகவும் பலவீனமானவை. மேல் பாகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே பாக்டீரியா உள்வழியாக இறங்கி வேர்ச்செடியைத் தாக்கினால், ஒட்டுக்குக் கீழே பட்டை அழுகி மரம் போய்விடும். இதற்கு மாற்றாக ஜெனீவா நிலையம் உருவாக்கிய ஜி.41, ஜி.11, ஜி.935 போன்ற வேர்ச்செடிகள் இருக்கின்றன. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் எம்.எம்.106 வைத்தால் அடித்தண்டு அழுகல் வரும். கம்பளி அசுவினித் தொல்லை உள்ள இடத்தில் எம்.எம்.111 தாங்கி நிற்கும். நர்சரிக்காரருக்கு வேர்ச்செடியின் பெயர் தெரியவில்லை என்றால், அந்தக் கன்றை நான் வாங்கமாட்டேன்.

இதோடு இன்னொன்று: எதிர்ப்பு ரகத்துக்கும் தழைச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. பிஞ்சும் பச்சையுமாகத் திமுதிமுவென வரும் துளிர்தான் கருகல் நோய்க்குப் பிடித்த உணவு.

பூச்சிகளைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நோய் எதிர்ப்பு ரகம் எதுவும் காயைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியை எதிர்க்காது. ஏழெட்டு மரத்துக்குள் இருந்தால், பிஞ்சிலேயே காய்களுக்கு உறை போட்டுவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நிம்மதியான வழி.

நோயைப் பார்த்து மற்றதை மறப்பது

பல ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் வரை குளிர் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் எவ்வளவு எதிர்ப்பு இருந்தும் மரம் ஒழுங்காகத் துளிர்க்காது, பூக்காது. குறைந்த குளிருக்கான அன்னா, டார்செட் கோல்டன் போன்றவை அந்தக் குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, நோய் எதிர்ப்புக்காக அல்ல. குளிர் குறைந்த ஊரில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது குளிர்த் தேவையைத்தான்.

ஒரே ஒரு மரம் வைத்தால் காய்ப்பது அரிது. ஒரே சமயத்தில் பூக்கும் வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். ஜோனகோல்ட், முட்சு போன்றவற்றின் மகரந்தம் பிற மரங்களுக்கு உதவாது என்பதால், அவற்றைத் துணை மரமாக எண்ணிவிடக் கூடாது.

அப்புறம் சுவை. பட்டியலைப் பார்த்து, சாப்பிட்டே பார்க்காத பழத்துக்கு இருபது வருட இடம் ஒதுக்குகிறார்கள். பிரிஸ்டைன் சீக்கிரம் பழுக்கும், ஆனால் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட முடியாது. லிபர்ட்டி, மெக்கின்டாஷ் ரகத்தின் சாயலில் புளிப்பும் மணமுமாக இருக்கும். கோல்ட்ரஷ் மிகவும் தாமதம். கோடை குறுகிய இடத்தில் பழுக்கவே நேரம் போதாது. பறித்த அன்று கடித்துப் பார்த்தால் நாக்கு கூசும் புளிப்பு. அதனாலேயே மரத்தை வெட்டிவிட்டு வேறு வைத்தவர்கள் உண்டு. அதே பழத்தைக் குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தால் புளிப்பு அடங்கி இனிப்பு மேலே வந்துவிடும், தோல் கொஞ்சம் சுருங்கினாலும்.