ஷார்ட் ஸ்கேல், ஆறு கம்பி, கஸ்டம் பேஸ்: ஆர்டர் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஸ்டம் பேஸ் கிட்டார் செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் மரத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மேல்பலகைக்கு எந்த மரம், என்ன நிறம், ஃப்ரெட்போர்டில் என்ன பதிப்பு வேலை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஐந்து கம்பி, ஷார்ட் ஸ்கேல்" என்று ஒரே வரியில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வாசிக்க உட்காரும்போது கைக்கும் காதுக்கும் தெரியப்போவது அந்த ஒரு வரிதான். கம்பிகளின் எண்ணிக்கை, ஸ்கேல் நீளம், கம்பியின் தடிமன், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பவை. தனித்தனியாக முடிவு செய்தால் எங்காவது இடிக்கும்.

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தலைப்பக்கம் கம்பி அமரும் பள்ளக்கட்டையான நட்டிலிருந்து, உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளமே ஸ்கேல். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 34 அங்குலம். இன்றுவரை பொது அளவு அதுதான். 30 அங்குலத்தை ஒட்டியவை ஷார்ட் ஸ்கேல், 32 அங்குலம் மீடியம். ஈ, ஏ, டி, ஜி என்ற வழக்கமான நான்கு கம்பிகளுக்குக் கீழே லோ பி, மேலே ஹை சி என்று சேர்த்துக்கொண்டே போனால் அது எக்ஸ்டெண்டெட் ரேஞ்ச்.

ஷார்ட் ஸ்கேல் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைப்பது

இந்த நினைப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1966-ல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸ், கற்றுக்கொள்பவர்களுக்கான வரிசையில் 30 அங்குலத்தில் வந்தது. ஆனால் பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னரும் ஷார்ட் ஸ்கேல்தான். க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3, 30.5 அங்குலம். பேஸை முன்வரிசைத் தனி வாத்தியமாக நிறுத்திக் காட்டிய ஸ்டான்லி கிளார்க்கின் அலம்பிக் 30.75 அங்குலம். இவர்கள் யாரும் கை சிறியது என்பதற்காக அதை எடுத்தவர்கள் அல்ல. ஷார்ட் ஸ்கேலில் கம்பி தளர்வாக இருப்பதால் அடிநாதம் உருண்டு, சற்று மெத்தென்று கேட்கும். விரைவான விரலோட்டமும் கார்டுகளும் எளிதாக வரும். அந்த ஒலி வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கைக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பதையும் அளந்தே பார்க்கலாம். 34 அங்குலத்தில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நான்காம் ஃப்ரெட் வரை சுமார் 130 மில்லிமீட்டர். 30 அங்குலத்தில் அதே தூரம் சுமார் 114. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். மணிக்கட்டு வலியோ சுண்டுவிரல் எட்டாத சிக்கலோ உள்ளவருக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

30 அங்குலத்தில் லோ பி கேட்பது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தத் தவறுதான். "சின்ன நெக்கும் வேண்டும், கனத்த லோ பியும் வேண்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. ஆசையில் தப்பில்லை, ஆனால் கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், அதன் இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34-லிருந்து 30-க்கு வந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைந்துவிடும். லோ பி 34 அங்குலத்திலேயே கொஞ்சம் தொய்ந்த கம்பி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விசை குறைந்தால், அழுத்திப் பிடிக்கும்போதே சுருதி விலகும். பலமாக மீட்டினால் ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கும்.

தடித்த கம்பி போட்டுச் சரிசெய்யலாமே என்றால், 34 அங்குலத்தில் 0.130 அங்குலத் தடிமன் கொடுக்கும் இழுவிசையை 30 அங்குலத்தில் பெற 0.147 வேண்டும். குறைந்த நீளத்தில் அவ்வளவு தடித்த கம்பி, கம்பியாக நடந்துகொள்ளாமல் இரும்புக் கழி போல விறைத்து நிற்கும். அதன் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் சுரங்கள், கணக்குப்படி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்ந்து போகும். காதுக்கு அது "எந்த சுரம் என்றே தெரியவில்லை, உறுமல் மட்டும் கேட்கிறது" என்று படும். ட்யூனர் (சுருதி முறுக்கி) துளையையும் பிரிட்ஜ் பள்ளத்தையும் வேறு அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

சின்ன அளவில் ஐந்து கம்பி பேஸ் சந்தையில் இல்லாமல் இல்லை. ஐபனெஸ் மிக்ரோ வரிசையில் 28.6 அங்குலத்திலேயே ஐந்து கம்பி வந்திருக்கிறது. வாசிக்கவும் முடியும். ஆனால் கஸ்டம் என்று பெரிய தொகை கொடுப்பவர் அந்த ஐந்தாம் கம்பியிடம் எதிர்பார்ப்பது வேறு.

எனவே முதலில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கீழே போக வேண்டும் என்று எழுதி வையுங்கள். சர்ச் பாடல்களிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பலருக்கு வேண்டியிருப்பது டி அல்லது ஈ ஃப்ளாட் வரைதான். அதற்கு நான்கு கம்பி பேஸில் ஈ கம்பியின் ட்யூனரை மட்டும் மாற்றி, ஒரு நெம்புகோலைத் தட்டினால் டிக்கு இறங்கும் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் வகை போதும். ஐந்தாம் கம்பி வேண்டவே வேண்டும், ஆனால் நெக்கும் சின்னதாக இருக்க வேண்டும் என்றால், அதை மேலே சேர்த்து ஈ-ஏ-டி-ஜி-சி என்று கட்டச் சொல்லுங்கள். ஷார்ட் ஸ்கேலில் ஹை சி அருமையாகப் பாடும். தனி வாசிப்புக்கும் கார்டுக்கும் நன்றாகப் பொருந்தும். லோ பிதான் தேவை என்று உறுதியானால், குறைந்தது 33, 34 அங்குலத்துக்கு வந்துவிடுவது நல்லது.

ஒரு அங்குலம் கூட்டினால் பி சரியாகிவிடும் என்று நம்புவது

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. 35 அங்குலம் என்றாலே லோ பி இறுகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 34-லிருந்து 35-க்குப் போனால் கூடும் இழுவிசை 6 சதவீதம்தான். அதே 34 அங்குலத்தில் 0.125 கம்பியைக் கழற்றி 0.130 போட்டாலே சுமார் 8 சதவீதம் கூடும். அதாவது ஒரு கம்பி மாற்றுவதில் கிடைப்பதைவிடக் குறைவான பலனுக்காக நெக் முழுவதையும் நீட்டுகிறோம், ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் விரலை அதிகம் விரிக்கிறோம். நீளம் கூடினால் கம்பியின் விறைப்பு குறைந்து மேற்சுரங்கள் தெளிவது உண்மை. அந்தப் பலன் இருக்கிறது. ஆனால் தெளிவான லோ பி கம்பிக்கு விறைப்பான நெக், நன்றாகப் பொருந்திய நெக் மூட்டு, கம்பியின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய நட் ஆகியவை அதைவிட முந்தியவை. மியூசிக்மேனின் ஐந்து கம்பி ஸ்டிங்ரே 34 அங்குலத்தில்தான் பெயர் வாங்கியது.

ஆந்தனி ஜாக்சன் 1970-களில் கார்ல் தாம்சனிடம் ஆறு கம்பி பேஸ் செய்யச் சொல்லி, அதற்கு கான்ட்ராபேஸ் கிட்டார் என்று பெயரிட்டார். பின்னாளில் ஃபொடேரா அவருக்காகச் செய்தவை 36 அங்குலம். அவர் உட்கார்ந்து, பேஸை நிமிர்த்திப் பிடித்து, வருடக்கணக்கில் அதற்கென்றே கையைப் பழக்கியவர். அவர் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராப்பைத் தொடை வரை இறக்கித் தொங்கவிட்டு வாசிக்கப் போகிறவர் யோசிக்க வேண்டும்.

நீண்ட பியும் வேண்டும், குறுகிய மேல் கம்பிகளும் வேண்டும் என்பவர்களுக்கு மல்டி ஸ்கேல், அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் வேறு நீளம் வரும்படி ஃப்ரெட்களை விசிறி போலச் சாய்த்து வைக்கும் விசிறி ஃப்ரெட் நல்ல வழி. ரால்ஃப் நோவாக் 1989-ல் காப்புரிமை பெற்ற முறை; கனடாவின் டிங்வால் அதை பேஸ் உலகத்தில் நிலைநாட்டியது. டிங்வாலின் ஐந்து கம்பிகளில் பி 37 அங்குலம், ஜி 34. இதைக் கஸ்டமாகக் கேட்கும்போது பலர் மறப்பது, எந்த ஃப்ரெட் நேராக நிற்கப்போகிறது என்பதை. நேர் ஃப்ரெட் பன்னிரண்டாவதை ஒட்டிப் போனால் முதல் இரண்டு ஃப்ரெட்கள் மிகவும் சாய்ந்துவிடும். மணிக்கட்டுக்கு அங்கேதான் சோதனை. ஏழாவதை ஒட்டி இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் பழகிவிடும். 37 அங்குல பி கம்பி எல்லா செட்டிலும் வராது என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

கம்பி நீளத்தை அளக்காமல் வாங்குவது

செட் அட்டையில் "ஷார்ட்", "லாங்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டேப்பை எடுத்து, கம்பியின் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்துகொள்ளுங்கள். உடலின் பின்பக்கம் வழியாகக் கம்பி போகும் பிரிட்ஜ் என்றால் அந்தத் தடிமனும் சேரும். இப்போது நட்டை அருகில் பாருங்கள். தடித்த சுற்று நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு அங்குலம் போய், அதற்குப் பிறகு மெலிந்து, மெலிந்த பகுதி மட்டும் ட்யூனரில் சுற்ற வேண்டும். மெலிவு நட்டுக்கு முன்பே தொடங்கினால் சுருதி நிற்காது, ஒலியும் செத்துவிடும். தடித்த பகுதியே ட்யூனர் தண்டில் மடங்கிச் சுற்றினால், லாங் ஸ்கேல் கம்பியை ஷார்ட் ஸ்கேலில் போட்டால் ஆவது போல, சுற்று பிளந்து கம்பி சீக்கிரம் பாழாகும். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 34 அங்குல நான்கு கம்பி செட். மற்ற அளவுகளுக்கு, பேஸ் கைக்கு வரும் முன்பே இரண்டு செட் கூடுதலாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். எந்தத் தடிமன் போடப்போகிறீர்கள் என்பதைச் செய்பவரிடம் முதலிலேயே சொன்னால் நட் பள்ளமும் அதற்கேற்ப வெட்டப்படும்.

இடைவெளி, எடை, சமநிலை

பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 19 மில்லிமீட்டர் என்பது நான்கு கம்பியின் வழக்கமான இடைவெளி. ஆறு கம்பியிலும் அதையே கேட்டால் ஓரத்திலிருந்து ஓரம் 95 மில்லிமீட்டர். 16.5 என்றால் 82.5. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணிக்காரருக்கு முதலாவது வேண்டும். விரலால் மட்டும் வாசிப்பவருக்கு, அதிலும் கை சிறியவருக்கு, இரண்டாவது பெரிய ஆறுதல். தோராயமாக "சௌகரியமான இடைவெளி" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் யாரிடமாவது அந்த அளவுள்ள பேஸை வாங்கி அரை மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெக் கீழே சரியும் தொல்லை இந்த இரண்டு வகைக்குமே உண்டு. ஷார்ட் ஸ்கேலில் உடல் சின்னது, இலேசானது. ஆறு கம்பியில் நெக்கும் ட்யூனர்களும் கனம். ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பின் முனை பன்னிரண்டாம் ஃப்ரெட்டை ஒட்டி வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். அதற்கு வெகுவாகப் பின்னால் இருந்தால், கச்சேரி முழுக்க இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். இலேசான ட்யூனர்கள் அல்லது தலையில்லாத அமைப்பு கைகொடுக்கும். அழகான சின்ன உடலுக்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மின்பகுதியும் ஆம்பும்

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் உறை அளவைப் பொதுவான ஒன்றாகவே வையுங்கள். இஎம்ஜியின் 35, 40, 45 போன்ற உறை அளவுகளுக்கு மாற்றுப் பிக்கப் எளிதாகக் கிடைக்கும். செய்பவரின் சொந்த வடிவத்துக்கு மரத்தைக் குடைந்துவிட்டால், நாளை ஒலி பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற வழியில்லை. தளர்ந்த கம்பிக்குப் பக்கத்தில் பிக்கப்பை அதிகம் உயர்த்தினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கலைக்கும். ஷார்ட் ஸ்கேலில் அதைச் சற்று இறக்கியே வைக்க வேண்டும்.

லோ பியின் அடிச்சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ், ஈ 41. நிறைய பேஸ் ஸ்பீக்கர்கள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகச் சோர்ந்துவிடும். நாம் கேட்பது பெரும்பாலும் 62 ஹெர்ட்ஸில் உள்ள முதல் மேற்சுரத்தையும் அதற்கு மேலுள்ளவற்றையும்தான். மீதியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இது தெரியாமல் ஆம்பில் பேஸ் குமிழைத் திருகித் திருகி ஸ்பீக்கரைக் கிழித்துக்கொள்பவர்கள் உண்டு. 30, 35 ஹெர்ட்ஸ் அளவில் அதற்குக் கீழுள்ள அலைகளை வெட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் வைத்து, நடு அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றினால் பி தானாகத் தெளியும். எஃப் ஷார்ப் வரை, அதாவது 23 ஹெர்ட்ஸ் வரை இறங்க விரும்புபவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

மரமும் தாளும்

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. சென்னையின் ஈரக்காற்றிலிருந்து ஏசி ஸ்டுடியோவுக்குள் போய்வரும் நெக் தினமும் அசையும். அகலமான ஐந்து, ஆறு கம்பி நெக்கில் முறுக்கமும் வரலாம். பல அடுக்கு மரம் ஒட்டிய நெக், உள்ளே கார்பன் தண்டு, நெக்கின் வளைவைச் சரிசெய்ய இரு திசையிலும் வேலை செய்யும் டிரஸ் ராட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மேல்பலகைக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி இதற்கே போதும்.

ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம் என்றால் அதன் சட்ட நிலையையும் கேளுங்கள். தோதகத்தி என்றும் நாம் அழைக்கும் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு இல்லை. வெளிநாட்டில் செய்யச் சொல்பவர்கள் பிரேசில் ஈட்டியைத் தொடவே வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் மீட்பது பெரும்பாடு.

ஆர்டர் தாளில் இந்த வரிசையில் எழுதுங்கள்: மிகக் கீழான சுரம், சுருதி வரிசை, ஸ்கேல், ஒவ்வொரு கம்பியின் தடிமன், நட் அகலம், பிரிட்ஜ் இடைவெளி, மொத்த எடையின் உச்ச வரம்பு, பிக்கப் உறை அளவு. மரமும் நிறமும் அதற்குக் கீழே. முன்பணம் கொடுப்பதற்கு முன், முழு அளவு வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சடித்து, அட்டையில் ஒட்டி வெட்டி, ஸ்ட்ராப் இடத்தில் பிடித்துக் கையை முதல் ஃப்ரெட் வரை நீட்டிப் பாருங்கள். முழங்கை நிமிர்ந்து விறைத்தால் ஸ்கேலைக் குறைக்கவோ பிரிட்ஜை உடலின் பின்விளிம்புக்குத் தள்ளவோ அப்போதே சொல்லிவிடலாம். மரம் வெட்டிய பிறகு இரண்டும் முடியாது.