எஸ்க்யூஎல் குவெரியில் தேதிக் கணக்கை ஒரே இடத்தில் போடுவது எப்படி?

டவுனில் ஒரு அரிசி மொத்தக்கடைக்குப் பாக்கி ரிப்போர்ட் எழுதினேன். பில் தேதியோடு தவணை நாளைக் கூட்டினால் கெடு தேதி, இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்தால் தாமத நாள். இவ்வளவுதான் கணக்கு, ஆனால் அதுவே செலக்டில், வேரில் (WHERE, வரிகளை வடிகட்டும் இடம்), கேஸுக்குள் (CASE, இப்படியென்றால் இது என்று பிரிக்கும் இடம்) கிளைக்குக் கிளை என்று குவெரி முழுக்கக் கிடக்கும். "மூணு நாள் சேத்துக் குடுடே, யாவாரிகள்லாம் சடைக்காவ" என்று அண்ணாச்சி சொன்னால் அத்தனை இடத்திலும் கை வைக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கெடு தேதியை மட்டும் வித்துக்குள் (WITH, குவெரியின் தலையில் பெயர் வைத்து எழுதும் தற்காலிக டேபிள்) தள்ளுங்கள்:

வித் க ஆஸ் (செலக்ட் *, பில்_தேதி + தவணை_நாள் ஆஸ் கெடு_தேதி ஃப்ரம் பில்கள்)

அப்புறம் கீழே:

செலக்ட் *, கரண்ட்_டேட் - கெடு_தேதி ஆஸ் தாமதம் ஃப்ரம் க வேர் கெடு_தேதி < கரண்ட்_டேட்

வித் எதற்கு, செலக்டிலேயே பெயர் வைத்து வேரில் அந்தப் பெயரைப் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது. இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்போம். நாம் எழுதும்போது செலக்ட் மேலே இருக்கிறது, கணக்குப்படி வேர்தான் முந்திக்கொள்கிறது, அதனால் அந்தப் பெயர் அப்போது பிறந்தே இருக்காது, அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று எரர் அடிக்கும். ஆர்டர் பை கடைசியில் வருவதால் வெறும் பெயரை ஏற்றுக்கொள்ளும், அதையும் பெயர் + 3 என்று கணக்குக்குள் நுழைத்தால் மறுபடி அதே எரர்தான்.

தாமதத்தை வைத்து 30 நாள், 60 நாள் என்று பிரிக்க வேண்டுமா? இன்னொரு வித் அடுக்கலாம். நான் கிராஸ் ஜாயின் லேட்டரல்தான் போடுவேன் (ஒவ்வொரு வரிக்கும் கணக்கைப் போட்டு அந்த வரியோடு ஒட்டும் ஜாயின்), ஃப்ரம்மிலேயே கணக்கு முடிந்துவிடுவதால் வேர், கேஸ் எல்லாவற்றுக்கும் பெயர் கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வர்காரர்களுக்கு இதே வேலையை கிராஸ் அப்ளை செய்யும். சப்குவெரிக்குள் சப்குவெரி எழுதுவது எனக்கு ஆகவே ஆகாது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியவருக்கே புரியாது.

பில்கள் லட்சக்கணக்கில் இருந்தால் கெடு_தேதியை டேபிளிலேயே ஜெனரேட்டட் ஃபீல்டாக (டேட்டாபேஸே கணக்கிட்டு நிரப்பும் ஃபீல்ட்) வைத்து, சீக்கிரம் தேட இண்டெக்ஸ் போடுங்கள், போஸ்ட்கிரஸ் 12 முதல் இது உண்டு. தாமதத்தை அப்படி வைக்க முடியாது, அது தினமும் மாறுகிற கணக்கு என்பதால் கரண்ட்_டேட்டை அங்கே விடமாட்டார்கள்.

பின்சேர்க்கை: வித் ஓடவில்லை என்று கேட்டவர் மைஎஸ்க்யூஎல் 5.7 வைத்திருந்தார். வித் 8.0-இல்தான் வந்தது, அதற்கு முன் என்றால் வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) போட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு போஸ்ட்கிரஸில் கூட்டலே எரர். பில்_தேதி டைம்ஸ்டாம்ப்பாக (தேதியோடு நேரமும் சேர்ந்தது) இருந்தால் அதோடு வெறும் எண்ணைக் கூட்ட முடியாது, முதலில் டேட்டாக மாற்றுங்கள்.