திரையில் தெரியும் வெள்ளை பொம்மைக்கு வராது

பொம்மைகளில் ஒட்டும் படங்களைக் கணினியில் வரைந்து அச்சிடுவது என் வேலை. சென்ற வாரம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், தம் கோப்பைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். கறுப்பு வினைல் பொம்மையில் ஒட்டுவதற்கான பூனை முகம். கோடுகள் அவ்வளவு சுத்தம். ஆனாலும் கோப்பைத் திறந்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மீது அல்ல, என் மீது. ஆரம்ப நாட்களில் நான் செய்து பணத்தைத் தொலைத்த அதே தவறு, அந்தப் பூனையின் கண்ணிலும் மீசையிலும் இருந்தது.

எழுத்துருவை வளைகோடுகளாக மாற்ற மறப்பது, தவறான கோப்பை அனுப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் அவை தாமே திருந்திவிடும். கீழே இருப்பவை அப்படி எளிதில் திருந்தாத தவறுகள்.

ஆர்ட்போர்டின் (திரையில் நாம் வரையும் பக்கத்தின்) வெள்ளையை நம்புவது

கருநீல வினைலில் நாற்பது ஆந்தைப் பொம்மைகள். அகன்ற வெள்ளைக் கண்கள், அவற்றுக்குள் மஞ்சள் வளையம், ஆரஞ்சு அலகு. தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் டெக்கால் தாளில், அதுவும் நிறமற்ற தாளில், அச்சிடக் கொடுத்தேன். தாள்கள் வந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், டெக்கால் படலத்தைத் தாங்கியிருக்கும் அடித்தாளே வெளிர்நிறம் என்பதுதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் டெக்காலை வெட்டி நீரில் போட்டேன். படலம் தளர்ந்ததும் பெருவிரலால் மெல்ல நகர்த்தி ஆந்தையின் முகத்தில் இறக்கி, துணியால் ஒற்றினேன். ஆந்தைக்குக் கண் போய்விட்டது. வெள்ளை இருந்த இடத்தில் வெறும் நீலம். மஞ்சள் வளையம் அழுக்குப் பச்சையாகக் கிடந்தது. அலகு எங்கே என்று விளக்கடியில் சாய்த்துத் தேட வேண்டியிருந்தது.

அச்சகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீங்கள் வெள்ளை மை கேட்கவே இல்லையே” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். வழக்கமான நான்கு வண்ண அச்சில் இருப்பவை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் மட்டுமே. வெள்ளை என்று நீங்கள் நிரப்பிய வடிவம், அச்சு இயந்திரத்துக்கு நான்கிலும் சுழியம். அதாவது அங்கே எதையும் அச்சிடாதே என்ற உத்தரவு. தாளில் அது வெள்ளையாகத் தெரிவது தாளின் தயவு. மற்ற மைகளும் பெயின்ட் போல அடியை மூடுபவை அல்ல, ஒளி ஊடுருவுபவை. அடியில் நீலம் இருந்தால் மஞ்சளும் பச்சையாகத்தான் தெரியும்.

கோப்பு அச்சுக்குப் போகும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லேயர் (அடுக்கு) சேர்த்து, பொம்மையின் நிறத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். படம் இருக்கும் லேயரை மல்ட்டிப்ளை முறைக்கு, அதாவது அடியில் உள்ள நிறத்தோடு கலந்து கருமையாகத் தெரியும் முறைக்கு, மாற்றுங்கள். வெள்ளை மை இல்லாமல் அச்சிட்டால் பொம்மையில் என்ன மிஞ்சும் என்பது ஏறக்குறைய அப்படியே தெரிந்துவிடும். வரையும் மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரிலும் முடியும், இங்க்ஸ்கேப்பிலும் முடியும். பார்த்து முடித்ததும் அந்தச் செவ்வகத்தை நீக்கிவிடுங்கள். நான் ஒரு முறை நீக்காமல் அனுப்பி, பக்கம் முழுக்க நீலம் பூசிய தாளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அடர்நிறப் பொம்மைதான் வேண்டுமென்றால், வெள்ளை மை உள்ள அச்சகத்தைத் தேடுங்கள். கோப்பில் வெள்ளைக்குத் தனி லேயர், தனி ஸ்பாட் நிறம், அதாவது நான்கு மைகளைக் கலக்காமல் தனி மையாக அச்சிடும் நிறம். அந்த நிறத்துக்கு அச்சகம் சொல்லும் பெயரையே எழுத்துப் பிசகாமல் வையுங்கள். திரையில் அதற்கு அடர் மெஜந்தா போன்ற ஒரு நிறம் கொடுத்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வண்ண வடிவத்தைவிட வெள்ளை வடிவத்தைச் சுற்றிலும் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் உள்ளே இழுத்துவிடுங்கள். அச்சு இம்மி விலகினாலும், இழுக்காமல் விட்ட வெள்ளை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். இன்னொன்று: அந்த ஸ்பாட் நிறத்துக்கு ஓவர்பிரிண்ட் (மற்ற வண்ணங்களை வெட்டாமல் அவற்றோடு சேர்த்தே அச்சிடும் அமைப்பு) போட மறந்தால், வெள்ளை விழும் இடத்தில் மற்ற வண்ணங்கள் வெட்டுப்பட்டுப் போகக்கூடும்.

வீட்டு அச்சுப்பொறிதான் கதி என்றால் வெள்ளை டெக்கால் தாள் இருக்கிறது. ஆனால் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்ட வேண்டும். மீசை மயிரை வெட்டிப் பார்த்தால் என் கோபம் உங்களுக்கும் புரியும். நான் இப்போதெல்லாம் கண் வரும் இடத்தில் மட்டும் பொம்மையிலேயே வெள்ளைப் பெயின்ட் பூசி, காய்ந்தபின் அதன்மேல் நிறமற்ற டெக்காலை ஒட்டிவிடுகிறேன்.

நாற்பது ஆந்தைகளுக்கும் கண்களைத் தூரிகையால்தான் வரைந்தேன். ஒன்றின் பார்வை போல் இன்னொன்றின் பார்வை இல்லை.

பெரிதாக வரைந்து சுருக்குவது

வெக்டர்தானே (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் படம்), எந்த அளவுக்கும் மாற்றலாம் என்பார்கள். வடிவத்துக்கு அது சரி. கோட்டின் தடிமனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2001-இல் ஜப்பானில் வெளிவந்த பேர்பிரிக் என்ற கரடிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 400 சதவீத அளவு 28 சென்டிமீட்டர் உயரம், 100 சதவீத அளவு 7 சென்டிமீட்டர். பெரியதற்கு வரைந்ததைக் கால்பங்காகச் சுருக்கும்போது, கோட்டின் தடிமனையும் சேர்த்துச் சுருக்கும் அமைப்பு அணைந்திருந்தால் 1 மில்லிமீட்டர் கோடு அப்படியே நின்று முகத்தை அடைத்துவிடும். இயங்கிக்கொண்டிருந்தால் 0.4 மில்லிமீட்டர் இமைமுடி 0.1 ஆகி, அச்சில் விட்டுவிட்டு விழும். சிறிய பொம்மைக்குச் சிறிய பொம்மையின் அளவிலேயே வரையுங்கள். முடித்ததும் கோடுகளை நிரப்பு வடிவங்களாக மாற்றி அனுப்புங்கள். மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

உருண்டையைத் தட்டையாக நினைப்பது

உருளைக் கை, கால்களில் சிக்கல் இல்லை. 30 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 94.2, ஒன்றன்மேல் ஒன்று ஏற இன்னும் ஒரு மில்லிமீட்டர் சேர்த்தால் போதும். உருண்டைத் தலையில் எந்தக் கணக்கும் முழுதாக உதவாது. 1507-இல் ஜெர்மன் வரைபடக்காரர் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் உலக உருண்டைக்காக அச்சிட்ட வரைபடமே 12 இலை வடிவத் துண்டுகள்தான். தலையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரங்களைப் பென்சிலால் குறித்து, உரித்து, தேவையான இடத்தில் கீறித் தட்டையாக்கி ஸ்கேன் செய்யுங்கள். அதன்மேல் வரையுங்கள். பெரிய படத்தை இரண்டு மூன்று சிறு டெக்கால்களாகப் பிரித்துவிட்டால் சுருக்கம் விழுவது வெகுவாகக் குறையும்.

தானியங்கி டிரேஸ்

படத்தை மென்பொருளே கோடுகளாக மாற்றித் தருவது இது. வேண்டாம். ஒரு புருவத்துக்கு முந்நூறு கணுப் புள்ளிகள் எதற்கு?

பளீர் பச்சை

திரையில் மட்டும்தான். நான்கு மை அச்சில் அந்தப் பளீர் வராது.

ஒட்டுவாய்க் கோடு

பொம்மையின் பக்கவாட்டில் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம் இருக்கும். அதன்மேல் முகத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வலது கையைப் புரட்டி இடது கை செய்வது

எண்ணும் எழுத்தும் இல்லாத கையென்றால் தாராளமாகச் செய்யுங்கள். என் அலமாரியில் இருக்கும் ரோபோவின் இடது தோளில் ஒரு 7 வலமிடமாக நிற்கிறது. வருகிறவர்கள் அதை ஏதோ வேற்றுக்கிரக எழுத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.