நீச்சல் குளத்துக்குக் குளோரினை மாலையில் இடுங்கள்

வீட்டு நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால், குளோரின் கூடிவிட்டதென்று பலரும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைனின் நெடியே அது என்பதால், பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்பதற்கே அது அடையாளம். சோதனைப் பட்டையை முழங்கை ஆழத்தில் நனைத்துப் பார்த்து, வினைபுரியாமல் எஞ்சிய குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 முதல் 7.8 வரையும் வைத்திருங்கள். பிஎச் 8-ஐத் தாண்டினால், தாராளமாக இட்ட குளோரினும் மந்தமாகவே வேலை செய்யும். வெயில் குளோரினைச் சில மணி நேரத்திலேயே சிதைத்துவிடுவதால், பொழுது சாய்ந்தபின் பம்பை ஓடவிட்டு இடுவதே சிக்கனம். குளோரின் தூளை வாளி நீரில் தூவிக் கரைக்க வேண்டுமே தவிர, தூளின்மேல் நீரை ஊற்றக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தாலோ நச்சு வாயு கிளம்பும்.