சப்ளை செயின் படிக்கிறீங்களா? ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போங்க

சேலத்துல எம்.பி.ஏ. சப்ளை செயின் படிக்கிற தம்பி தங்கைகளே, புத்தகத்தை மூடிட்டு ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல போய் நில்லுங்க. ஜவ்வரிசி மூட்டைக்குப் போடுற எல்.ஆர். ரசீதை (லாரி ரசீப்ட், சரக்கை ஏத்திக்கிட்டதுக்கு லாரி ஆபீஸ் தர்ற சீட்டு) கேட்டு வாங்கிப் படிங்க. அனுப்புறவர், வாங்குறவர், எடை, வாடகை யார் தலையில (வாங்குறவர் கட்டுற ‘டு பே’யா, அனுப்புறவர் கட்டிட்ட ‘பெய்டு’ஆ)... பாதி சிலபஸ் அந்த ஒத்தைத் தாள்லயே இருக்கு.

அடுத்தது இ-வே பில், அதாவது சரக்கு ரோட்டுல போறதுக்கு ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆன்லைன்ல எடுக்குற சீட்டு. வெளிமாநிலத்துக்குப் போற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினா பொதுவா இது வேணும். சாதாரண லாரிக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்குல இந்த பில் செல்லும், 1,200 கி.மீ.ன்னா 6 நாள். நடுவழியில வண்டி படுத்துட்டா? காலாவதி நேரத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ 8 மணி நேரத்துக்குள்ள நீட்டிச்சாகணும். இன்டர்வியூவுல இதைச் சொல்ற பசங்க ரொம்பக் கம்மி.

சாயங்காலம் லோடு ஏத்துற நேரத்துல மட்டும் போய்க் கேள்வி கேட்காதீங்க, திட்டு விழும்.