பழைய ஒழுங்கு நடவடிக்கையை விண்ணப்பத்தில் சொல்வதா, வேண்டாமா? (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு)

இளங்கலை இரண்டாம் ஆண்டில் விடுதி அறையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். அலாரம் அலறி, நள்ளிரவில் மொத்தக் கட்டடமும் போர்வையோடு வாசலில் நின்றது. விடுதி விதிப்படி மெழுகுவர்த்தியே கூடாது. ஒரு விசாரணை, ஒரு கடிதம், அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, "உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இந்தக் குறிப்பு அந்த அளவு சின்ன விஷயங்களுக்கு மட்டும். கைது, வழக்கு என்று போயிருந்தால் வக்கீலிடம் போங்கள்.

படி 1: கடிதத்தைத் தேடி எடுங்கள்

ஞாபகத்தை நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்தது வெறும் வார்னிங் என்று இரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய மின்னஞ்சலைத் தோண்டிப் பார்த்தால், மூன்றாவது பத்தியில் "விதிமீறலுக்குப் பொறுப்பு" என்று முடிவு, கீழே "ஒரு செமஸ்டர் புரொபேஷன்" (நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பது). அந்த ஒரு சொல்தான் பாதி விண்ணப்பங்களில் என் பதிலை மாற்றியது.

கடிதம் இல்லையென்றால் கல்லூரியின் மாணவர் நடத்தை அலுவலகத்துக்கு எழுதுங்கள். 1974இல் வந்த ஃபெர்ப்பா (FERPA) என்ற அமெரிக்கச் சட்டப்படி உங்கள் கல்விப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கல்லூரி 45 நாளுக்குள் காட்ட வேண்டும். அதாவது, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கேட்டால் கதைக்கு ஆகாது. கேட்கும்போதே, வேறு கல்லூரி விசாரித்தால் என்ன சொல்வீர்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

படி 2: கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். "இது சின்ன விஷயம்தானே?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னதா பெரியதா என்று விண்ணப்பம் கேட்கவே இல்லை. அது கேட்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு ஷீட் திறந்து, ஒவ்வொரு கல்லூரியின் கேள்வியையும் அப்படியே ஒட்டுங்கள், சுருக்க வேண்டாம். பக்கத்தில் மூன்று கட்டம்: எந்தெந்தத் தண்டனையைக் கேட்கிறது, எந்தக் காலத்தை, எதை விலக்குகிறது. இதற்கென்று செயலி எதுவும் வேண்டாம். நான் பிரின்ட் எடுத்து வினைச்சொற்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். திரையில் கண்ணுக்குத் தப்பியது காகிதத்தில் மாட்டியது.

என் ஆறு கல்லூரிகளில் இரண்டு, இடைநீக்கமோ வெளியேற்றமோ உண்டா என்று மட்டும் கேட்டன. அங்கே 'இல்லை' என்பதே உண்மையான பதில். வலியப் போய்ச் சொல்லவில்லை. மூன்றில் "புரொபேஷன் உட்பட" என்று இருந்தது: 'ஆம்'. மிச்சம் ஒன்று கேட்கவே இல்லை.

இளங்கலைக்குப் போகிறவர்களுக்கு: பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக அனுப்ப உதவும் காமன் ஆப், பள்ளி ஒழுங்கு பற்றிய கேள்வியை 2021-22 சேர்க்கை முதல் பொதுப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் பகுதியில் கேட்கலாம். அங்கேயும் பாருங்கள்.

மருத்துவத்துக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில் வலை அகலம். நடத்தை மீறலுக்காகக் கல்லூரி எடுத்த நடவடிக்கை டிரான்ஸ்கிரிப்டில் இல்லாவிட்டாலும், பிறகு அழிக்கப்பட்டிருந்தாலும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரிக்கு அதைவிடக் கவனம் தேவை. பின்னாளில் வக்கீலாகப் பதிவு செய்யும்போது நடத்தைச் சோதனை உண்டு. அன்று சொல்வதும் இன்று எழுதியதும் ஒத்துப்போகவில்லையென்றால், மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு மறைத்ததைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னும் சந்தேகமா? பெயர் சொல்லாமல் சேர்க்கை அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன், இரண்டே நிமிடம், யாரும் கடிக்கவில்லை.

படி 3: 'ஆம்' என்றால், சுருக்கமாக எழுதுங்கள்

என் முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். பாதி, அறைத்தோழன் ஏன் என்னை எழுப்பவில்லை என்ற புலம்பல். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

"இரண்டாம் ஆண்டில் விடுதி அறையில் விதிக்கு மாறாக மெழுகுவர்த்தி ஏற்றினேன். அலாரம் அடித்து, கட்டடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஒரு செமஸ்டர் புரொபேஷன் பெற்று, வேறு புகார் இல்லாமல் முடித்தேன். மற்றவர்களின் தூக்கத்தையும் பாதுகாப்பையும் நான் யோசிக்கவில்லை, தவறு என்னுடையது."

தேதியும் தண்டனையின் பெயரும் கடிதத்தில் உள்ளபடியே இருக்கட்டும். விண்ணப்பப் பெட்டிக்குள் நேராகத் தட்டாதீர்கள்; பக்கம் காலாவதியாகி என் வரைவு ஒன்று போயே போனது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். ஏஐயிடம் எழுதச் சொன்னால் "வளர்ச்சிப் பயணம்" என்று ஆரம்பித்துவிடும், எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், அனுப்பியதன் நகலைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், ஏற்கெனவே 'இல்லை' என்று அனுப்பிவிட்டேன், பிறகுதான் கடிதம் கிடைத்தது என்று எழுதியிருந்தார். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சேர்க்கை அலுவலகத்துக்குத் திருத்தம் அனுப்புங்கள். கடிதத்தை இணைத்து நான்கு வரி போதும்.

இன்னொரு பின்சேர்க்கை: விசாரணை முடியவில்லை, என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். நான் யோசிக்காமல் விட்டது இது. "நிலுவையில் உள்ளவை" என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போதே 'ஆம்'. இல்லாவிட்டாலும், அனுப்பிய பிறகு நிலை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்ற உறுதிமொழி பல விண்ணப்பங்களில் கையெழுத்துக்கு மேலே இருக்கும். நானே அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.